பிரிந்த நாயும் பிரியாத குற்ற உணர்வும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை விலங்கியல்)

நாய் இறந்ததற்கு ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் சிலர் நகைக்கக் கூடும். அவர்கள் இந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டு விளையாட்டு விழா அறிக்கைக்குச் சென்றுவிடலாம், எனக்கு வருத்தமில்லை. வீட்டில் வளர்ந்த வாயில்லா உயிரொன்றை நோய்க்குப் பறிகொடுத்துவிட்டு, "கொஞ்சம் முன்னாலேயே கவனித்திருந்தால்..." என்று இரவெல்லாம் புரண்டு கிடந்தவர்கள் நம் கல்லூரியிலும் உண்டு. அவர்களுக்காகவே எழுதுகிறேன். நானும் அவர்களுள் ஒருவன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மணி சாதாரண நாட்டு நாய். 11 ஆண்டுகள் எங்களோடு இருந்தது. சென்ற கோடையில் வழக்கத்தைவிட மிகுதியாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. "வெயில் காலம், குடிக்கட்டும்" என்றார் அம்மா. பிறகு இரவில் திண்ணையிலேயே சிறுநீர் கழித்தது. மறுநாள் எனக்குத் தேர்வு. கிழட்டுத் திமிர் என்று செருப்பால் ஓர் அடி கொடுத்தேன். ஆடி மாதத்தில் சோற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாயில் ஒருவகைக் கெட்ட வாடை. கால்நடை மருத்துவர் இரத்தம் எடுத்துச் சோதித்து, சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிவிட்டன என்றார். நாள்தோறும் சலைன் ஏற்றினோம். 7-ஆம் நாள் மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, "இதற்குமேல் அதற்குத் துன்பம்தான் தம்பி. ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம். வீட்டில் கலந்து சொல்லுங்கள்" என்றார். அப்பா ஒப்பவில்லை. நான் வாய் திறக்கவில்லை. 10-ஆம் நாள் விடியற்காலையில் அது இறந்தது.

அடுத்த மூன்று நாள் கல்லூரிக்கு வரவில்லை. விடுப்பு விண்ணப்பத்தில் 'காய்ச்சல்' என்று எழுதினேன். நாய் இறந்துவிட்டது என்று எழுதக் கை வரவில்லை. (எங்கள் பேராசிரியர் இதைப் படித்தால் பொறுத்தருள வேண்டும்.) "நாய்தானேடா, வேற ஒண்ணு வளர்த்துக்கோ" என்றான் ஒரு நண்பன். அவன் கெட்டவன் அல்லன். இத்தகைய துயருக்கு ஊரார் இடம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். கென்னத் டோகா என்ற அமெரிக்க அறிஞர் 1989-இல் வெளியிட்ட நூலில் இதற்குத் தனிப் பெயரே சூட்டினார். 'உரிமை மறுக்கப்பட்ட துயரம்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். துக்கம் விசாரிக்க வருவார் இல்லை, சடங்கு இல்லை, விடுப்பு இல்லை. வெளியே வர வழியற்ற துயரம் உள்ளேயே சுழன்று தன்மேலேயே பாய்கிறது.

இவ்வகையில் நம் முன்னோர் நம்மைவிடத் தாராள மனத்தினர் போலும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே கூறுகிறது. நாய்க்குப் பெயர் வெட்டிக் கல் நாட்டிய மண்ணில்தான் நான் காய்ச்சல் என்று பொய் எழுதினேன்.

இனிக் குற்ற உணர்வுக்கு வருவோம். இங்கே நான் படித்த பாடமே எனக்கு முதல் மருந்தாயிற்று. நாயின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 4 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. நாட்பட்ட சிறுநீரக நோயில் இவை ஒவ்வொன்றாக அழிகின்றன. எஞ்சியவை பருத்து, அழிந்தவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அழிந்த பிறகே சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றல் குன்றுகிறது. நீர் மிகுதியாக வெளியேறுவதால் தாகம் மிகுகிறது. தாகம் காரணம் அன்று, விளைவு. முக்கால் பங்கு அழிந்த பிறகுதான் இரத்தத்தில் யூரியாவும் கிரியாட்டினினும் தெளிவாக உயர்கின்றன. வாயில் வீசிய வாடை அந்த யூரியாவின் வேலை. ஆக, மணி திண்ணையை நனைத்த இரவிலேயே அதன் சிறுநீரகங்களின் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. இழந்த நெஃப்ரான்களை மீட்கும் மருந்து கிடையாது. முன்னரே கண்டிருந்தால் உணவை மாற்றிச் சில காலம் நீட்டியிருக்கலாம். நோயை நீக்கியிருக்க முடியாது. (நாய் வளர்க்கும் நண்பர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம்: உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 மில்லி லிட்டருக்கு மேல் நீர் குடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.)

இவ்வளவும் தெரிந்த பிறகும் மனம் ஆறவில்லை. "தண்ணீர் குடித்தபோதே தெரிந்திருக்க வேண்டாமா, அதுவும் விலங்கியல் படிக்கிறவனுக்கு?" என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தக் கேள்வியின் பொய்யை வெளிப்படுத்தியவர் பாரூக் ஃபிஷாஃப் என்ற உளவியலறிஞர். 1975-இல் அவர் வெளியிட்ட ஆய்வு வரலாற்று மாணவர்களுக்கும் சுவையூட்டக் கூடியது. 1814-இல் ஆங்கிலேயருக்கும் கூர்க்கர்களுக்கும் மூண்ட போரைப் பற்றிய ஒரு குறிப்பைப் பலருக்குப் படிக்கக் கொடுத்தார். சிலரிடம் முடிவைச் சொல்லவில்லை. மற்றவர்களிடம் ஆளுக்கொரு முடிவைச் சொன்னார்: ஆங்கிலேயர் வென்றனர், கூர்க்கர்கள் வென்றனர், வெற்றி தோல்வியின்றி நின்றது என்று. பிறகு, முடிவை அறியாதவராக இருந்து எது நடக்க வாய்ப்பு மிகுதி என்று மதிப்பிடச் சொன்னார். எந்த முடிவைக் கேட்டார்களோ அதுவே நடந்திருக்கக் கூடியது என்று அவரவர்க்கும் தோன்றியது. தெரிந்துவிட்ட முடிவை மறந்து சிந்திக்க மனித மனத்தால் எளிதில் இயல்வதில்லை. கோடையில் நாய் தண்ணீர் குடித்தது. தெருநாய்கள் எல்லாம் குடித்தன. ஆடி மாதத்து அறிவைக் கொண்டு சித்திரை மாதத்து என்னை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

கருணைக் கொலைக்கு ஒப்பியவர்கள் படும் பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஓர் அக்கா சென்ற ஆண்டு ஊசிக்கு ஒப்பினார். "நானே கொன்றுவிட்டேன்" என்று அழுதார். நான் ஒப்பாமல் இருந்து, "துடிக்க விட்டுவிட்டேன்" என்று அழுகிறேன். இரு வழியிலும் போனவர்களுக்கு ஒரே வேதனை என்றால், வேதனை இருப்பது ஒன்றே வழி தவறு என்பதற்குச் சான்றாகாது.

அதற்காக எல்லாவற்றையும் உளவியலால் கழுவிவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொள்வது நேர்மை ஆகாது என்றே நினைக்கிறேன். எனக்கு நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். முடிவைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். மணி நோயின்றி இன்றும் வாழ்ந்துகொண்டிருந்தால், இச்செயல் தவறாக இருக்குமா? தண்ணீர் குடித்ததைப் பொருட்படுத்தாதது தவறாக இராது. செருப்பால் அடித்தது? அது நலமாயிருந்தாலும் தவறுதான். அந்த 3 நாள் மௌனம்? மருத்துவர் சொன்னது எனக்கு அன்றே தெரியும். அப்பாவுக்கு அஞ்சிப் பேசாமல் இருந்தேன். இவை இரண்டும் என்னுடையவை. மலைபோல் இருந்த குற்றத்தில் இவ்விரண்டு கற்களே மிஞ்சின. கனம் குறையவில்லை, ஆனால் தூக்க முடிகிறது.

சிக்மண்ட் பிராய்டு 1917-இல் எழுதிய கட்டுரையொன்றில், துக்கத்தில் உலகம் வெறுமையாகிறது, மனச்சோர்விலோ தானே வெறுமையாகித் தன்னைப் பழித்துக்கொள்கிறான் என்று பிரித்துக் காட்டினார். அவரே பின்னாளில் யோஃபி என்ற நாயை வளர்த்தார். 1937 ஜனவரியில் அது அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறந்தது. அப்போது அவருக்கு வயது 80; தாடைப் புற்றுநோயோடு பல்லாண்டுகள் போராடிக்கொண்டிருந்தவர். துயரின் இலக்கணத்தை உலகுக்கு எழுதிக் கொடுத்த அந்த அறிஞரும் நாயின் இழப்பால் கலங்கினார் என்று அறிந்தபோது எனக்கு ஒரு துணை கிடைத்தது போலிருந்தது.

புரட்டாசியில் ஓர் இரவு, சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். டாக்டர் தனியே சொன்னதையும், அதைப்பற்றி நான் வலியுறுத்தாமல் விட்டதையும், செருப்படியையும் அப்பாவிடம் சொன்னேன். நெடுநேரம் அவர் பேசவில்லை.

"எனக்கும் அன்னிக்கே தெரியும்டா, பொழைக்காதுன்னு. மனசு வரல" என்றார்.

பிறகு எழுந்து சென்று, கொய்யா மரத்தடியில் கவிழ்த்து வைத்திருந்த மணியின் மண்சட்டியை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினார். இப்போது அதில் காக்கைகள் வந்து குடிக்கின்றன.