குழந்தையின் அடமும் பெற்றோரின் பொறுமையும்



ஞாயிறு பூசையில், சரியாகப் பிரசங்கம் ஆரம்பிக்கும் தருணத்தில், இரண்டு வயதுக் குழந்தையொன்று தரையில் விழுந்து புரண்டு அலறுகிறது. முன்வரிசையில் உள்ளோர் திரும்பிப் பார்க்கிறார்கள். தாய் அதை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடுகிறாள். தகப்பனாரோ வேப்பமரத்தடியில் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார்! நானும் ஒருமுறை பேச்சை நிறுத்திவிட்டு அத்தகைய தாயொருத்தியைக் கடுமையாகப் பார்த்ததுண்டு. அதன்பின் மூன்று மாதம் அவள் கோவிலுக்கு வரவில்லை. விசாரிக்கப் போனபோது, "பிள்ளை கொஞ்சம் பெரியவனாகட்டும், சாமி" என்றாள். ஆகையால் இந்தப் பாடத்தை எனக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

"வேண்டுமென்றே என்னை அவமானப்படுத்துகிறான்" என்று தாய்மார் பலர் முறையிடுகிறீர்கள். அப்படியல்ல. ஒன்றரை வயது முதல் மூன்று, மூன்றரை வயது வரை குழந்தைக்கு ஆசை பெரிது. அதைச் சொல்லப் பேச்சுப் போதாது. ஆசையை அடக்கிக்கொள்ள உதவும் மூளைப்பகுதியும் அப்போது முதிர்ந்திருப்பதில்லை. அது முழு வளர்ச்சி பெற இருபது வயதையும் தாண்டும். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் ஏழு வயது நிறையாத பிள்ளையைத் தன் செயலுக்குப் பொறுப்பாளியாகக் கருதுவதில்லை. திருச்சபை கேட்காத கணக்கை இரண்டு வயதுப் பிள்ளையிடம் நாம் கேட்கலாமா?

அப்படியானால் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவதா? கூடாது. கடைவாசலில் மிட்டாய்க்கு அழுகிறான். "இன்றைக்கு இல்லை" என்று சொன்னீர்கள். பத்து நிமிடம் அழுதபின், ஊரார் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தால் வாங்கிக் கொடுத்தீர்கள். பத்து நிமிட அழுகைக்கு ஒரு மிட்டாய் என்ற வியாபாரத்தை அவன் கற்றுக்கொண்டான். அம்மா மறுத்ததைப் பாட்டி முந்தானைக்குள் மறைத்துக் கொடுத்தாலும் பலன் அதுவே. பாட்டிமார் என்னை மன்னிக்க வேண்டும்.

அடம் வந்தபின் செய்யக்கூடியது கொஞ்சமே. அருகில் உட்காருங்கள். தாழ்ந்த குரலில் இரண்டொரு வார்த்தை போதும். அந்நேரத்தில் புத்திமதி ஏறாது. தன்னையோ பிறரையோ அடித்தால் கையை மெல்லப் பிடித்துக்கொள்ளுங்கள். பொது இடமானால் ஓரமாகத் தூக்கிச் செல்லுங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். தணிந்ததும் அணைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மறுத்த பொருளைக் கொடுக்காதீர்கள்.

அடம் வருமுன் செய்யக்கூடியதோ நிறைய உண்டு. தூக்கத்தைக் கவனியுங்கள். ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கம் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும். இரவு பதினோரு மணிவரை கலியாண வீட்டில் வைத்திருந்துவிட்டு, விடிந்ததும் வெறும் வயிற்றோடு பூசைக்குக் கொண்டுவந்தால் அது அழாமல் என்ன செய்யும்? புறப்படுமுன்னே, "இன்னும் ஒரு தடவை ஊஞ்சல் ஆடிவிட்டுப் போவோம்" என்று அறிவியுங்கள். "சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா?" என்று கேளுங்கள், தானே தெரிந்தெடுத்தவன் முரண்டு பிடிப்பது குறையும். 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து, யுத்த காலத்தில் கோடைக்கானலிலும் தங்கியிருந்த மரியா மாண்டிசோரி அம்மையார், இச்சிறு பிராயத்தார் ஒழுங்கை மிக நாடுகிறவர்கள் எனக் கண்டறிந்தார். தினமும் குடிக்கும் டம்ளர் மாறிவிட்டதென்று அழும் பிள்ளையைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அதற்கோ உலகமே இடம் மாறிவிட்டது.

"அடித்தால் அடங்குகிறானே!" என்பீர்கள். பயத்தால் அடங்குகிறான். தங்கையை அடித்ததற்காக அவனை அடித்தால், பெரியவர்கள் சிறியவர்களை அடிக்கலாம் என்றல்லவா தெரிந்துகொள்வான்? கோபம் மிஞ்சினால் குழந்தையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவி வாருங்கள். கை மீறிப்போயிற்றா? அந்தப் பிஞ்சிடமே மன்னிப்புக் கேளுங்கள், வெட்கமில்லை. பயமுறுத்தவும் வேண்டாம். "சாமியாரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்கிறீர்கள். பிறகு ஆசீர்வதிக்கக் கை நீட்டினால் பிள்ளை சேலைக்குள் ஒளிகிறது!

அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கொடுப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. இரண்டு வயது நிறையுமுன் திரை வேண்டாம் என்றும், அதற்குமேல் நான்கு வயதுவரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மிகக்கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியது.

சில பிள்ளைகள் அழுது மூச்சடக்கி, முகம் நீலமாகி, சில விநாடி மயங்குவதுண்டு. வாயில் தண்ணீர் ஊற்றாமல் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவும் இதற்குக் காரணமாகலாம். இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டால், அதையும் மருத்துவரிடம் சொல்லத் தாமதிக்க வேண்டாம்.

குழந்தைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீடர்கள் அதட்டியபோது, ஆண்டவர் சினந்தது சீடர்கள்மீதே என்று அர்ச். மாற்கு எழுதுகிறார். நம் கோவிலில் அடுத்த ஞாயிறு முதல் வலப்புறம் முதலிரண்டு பெஞ்சுகள் கைக்குழந்தையுள்ள குடும்பங்களுக்கு. பீடத்தில் நடப்பது கண்ணுக்குத் தெரிந்தால் பிள்ளைகள் கொஞ்சநேரம் அமைதியாயிருப்பார்கள். அழுதால் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய், தணிந்ததும் திரும்பி வாருங்கள். அந்த முறை தகப்பனாருடையதாக இருக்கட்டும்.