வியர்வைக் கணக்கு

நான் பள்ளி அணியில் கால்பந்து ஆடிய நாட்களில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஆட்டம் முடியும்வரை தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. வாய் கொப்பளித்துத் துப்பலாம். விழுங்கினால் வயிறு கனத்து ஓட முடியாது என்பார்கள். சித்திரை வெயிலில் ஒரு நாள், இரண்டாம் பாதியில், எனக்குக் கண் இருண்டது. கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சோம்பேறி என்ற பெயர்தான் கிடைத்தது. அன்று என் உடலில் நடந்தது என்ன என்பதைப் பல ஆண்டுகள் கழித்து, கல்லூரியில் வெப்பவியல் பாடம் நடத்தும்போது கணக்காகவே போட்டுப் பார்த்தேன். மாணவர்களே, அதை நீங்களும் போடலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

50 கிலோகிராம் எடையுள்ள மாணவன் ஒருவன் ஒரு மணி நேரம் மும்முரமாக ஆடுகிறான் என்று கொள்வோம். அவன் உடல் ஏறத்தாழ 500 கிலோகலோரி ஆற்றலைச் செலவிடும். இதில் ஐந்தில் ஒரு பங்குதான் தசைகள் செய்யும் வேலையாக மாறுகிறது. எஞ்சிய 400 கிலோகலோரியும் வெப்பமே. மனித உடலின் தன்வெப்பம் நீரினுடையதைவிடச் சற்றுக் குறைவு, சுமார் 0.83. ஆகவே அவன் உடல் 1 டிகிரி சூடேற 41.5 கிலோகலோரி வேண்டும். 400-ஐ 41.5-ஆல் வகுத்தால் 9.6. அஃதாவது, வெப்பம் வெளியேற வழியே இல்லாவிட்டால் 37 டிகிரியில் இருந்த உடல் ஒரு மணி நேரத்தில் 46 டிகிரியைத் தாண்டிவிடும்! 41, 42 டிகிரியிலேயே உயிருக்கு ஆபத்து.

வெப்பம் எப்படி வெளியேறுகிறது? கடத்தல், சலனம், கதிர்வீசல் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இம்மூன்றும் உதவ வேண்டுமானால் சுற்றுப்புறம் தோலைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. தருமபுரியில் கோடைப் பிற்பகலில் காற்றே 37 டிகிரியைத் தொடும்போது, வெப்பம் உள்ளே வருமேயன்றி வெளியே போகாது. அப்போது மிஞ்சுவது ஆவியாதல் ஒன்றே. தோலின் மேல் ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 400 கிலோகலோரியைப் போக்க ஏறத்தாழ 690 கிராம் வியர்வை வேண்டும். ஆனால் ஆவியாகும் வியர்வைக்குத்தான் இந்தக் கணக்கு. தரையில் சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை, அது வீண். ஆகவே உண்மையில் ஒரு லிட்டர் வரை போய்விடும்.

இங்கே ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. சென்னையில் காற்று ஈரமானது. வியர்வை எளிதில் ஆவியாகாமல் சட்டையை நனைத்துச் சொட்டும். ஆடுபவனுக்குத் தான் எவ்வளவு இழக்கிறான் என்பது கண்ணுக்குத் தெரியும். நம் மாவட்டத்தின் கோடைக்காற்று உலர்ந்தது. வியர்வை வந்தவுடன் மறைந்துவிடும். சட்டையில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். உடலுக்கு இது நல்லதே, ஆனால் ஏமாற்றக்கூடியது. தாகமும் நம்பத்தக்க காவலன் அன்று. கணிசமான நீர் போன பிறகே அது குரல் கொடுக்கிறது.

இதனால்தான் கால்பந்து உலகம் வெறும் வெப்பமானியை நம்புவதில்லை. ஈரக்குமிழ் வெப்பமானியின் அளவில் 0.7 பங்கு, வெயிலில் வைத்த கருங்கோள வெப்பமானியின் அளவில் 0.2 பங்கு, உலர்குமிழ் அளவில் 0.1 பங்கு ஆகியவற்றைக் கூட்டி ஓர் எண் காண்கிறார்கள். 2014 உலகக் கோப்பையில் இந்த எண் 32 டிகிரியைத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் குடிக்க விடலாம் என்று விதி இருந்தது. அவ்வாண்டு ஜூன் 29 அன்று பிரேசிலின் ஃபோர்ட்டலேசா நகரில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் ஆடியபோது அப்படி நிறுத்தினார்கள். பின்தங்கியிருந்த நெதர்லாந்தின் பயிற்சியாளர் வான் கால் அந்த இடைவேளையிலேயே தம் வியூகத்தை மாற்றிக்கொண்டார். 2-1 என்று வென்றார். தண்ணீர் குடிப்பது நேரத்தை வீணாக்குவது என்பாரிடம் இதைச் சொல்லுங்கள்.

உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு நீர் குறைந்தாலே ஆட்டம் தளர்கிறது. 50 கிலோ மாணவனுக்கு அது ஒரே லிட்டர்தான்! இரத்தத்தின் அளவு குறைவதால் இதயம் வேகமாக அடிக்க வேண்டியதாகிறது. தோலுக்கு வரும் இரத்தமும் குறைவதால் உடல் மேலும் சூடேறுகிறது.

நீங்கள் எவ்வளவு இழக்கிறீர்கள்? ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். பின்னர்ப் பார்க்கும்போது வியர்வை ஊறிய சட்டையைக் கழற்றிவிட வேண்டும். 48.6 கிலோ 47.9 ஆகி, இடையில் அரை லிட்டர் குடித்திருந்தால், வியர்த்தது 1.2 லிட்டர். 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் வீதம் குடித்தால் பெரும்பகுதி ஈடாகும். நீண்ட ஆட்டமானால் உப்பிட்ட நீர்மோர் மிக நல்லது. ஆனால் குடம் குடமாகக் குடித்து எடையே கூடிப்போவதும் தவறு. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் ஆபத்தாகும்.

நம் மாவட்டத்துக்கு மட்டும் இன்னொரு கணக்கு உண்டு. இங்குள்ள பாறைகளிலிருந்து புளோரைடு கரைந்து பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கலந்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம். 3 மில்லிகிராம் உள்ள நீரை நாளுக்கு 2 லிட்டர் குடிப்பவன் உடலில் 6 மில்லிகிராம் சேரும். ஆட்டக்காரன் 4 லிட்டர் குடித்தால் 12. இதை உணர்ந்துதான் 1962-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, வெப்பம் மிக்க ஊர்களின் குடிநீருக்குக் குறைந்த புளோரைடு அளவை வகுத்தது. உங்கள் பற்கள் முன்பே உருவாகிவிட்டன. எலும்புகளோ இன்னும் வளர்கின்றன. காய்ச்சினால் புளோரைடு போகாது. நீர் ஆவியாகிச் செறிவு கூடவே செய்யும்.

இதற்காகவே ஒகேனக்கல்லில் காவிரி நீரை எடுத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயற்பட்டது. எனவே மைதானத்து ஓரத்திலுள்ள போர் குழாயில் வாய் வைக்குமுன், அந்த நீர் சோதிக்கப்பட்டதா என்று விளையாட்டு ஆசிரியரிடம் கேளுங்கள். இல்லையென்றால் காவிரிக் குழாயில் பிடித்த இரண்டு லிட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கனம்தான், ஆட்டம் முடிந்து திரும்பும்போது இருக்காது.