அரிவரி வகுப்பும் ஆசிரியரும்

ஒரு கல்லூரியின் பெருமையைப் பேசுவோர் அதன் மேல்வகுப்புகளையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் எடுத்துக் கூறுவர். அப்பெருமைக்கு அடிநிலமாய் நிற்பது சிற்றூர்ப் பாடசாலையின் அரிவரி வகுப்பே. அங்கே எழுத்தை வெறுத்த பிள்ளை பின்னர் எந்த மண்டபத்திலும் மனமகிழ்ந்து அமர்வதில்லை. ஆதலின், இவ்விழா மலரில், பாலர்க்குக் கற்பிக்கும் இளைய ஆசிரியர்க்குப் பயன்படுவனவாக, அனுபவத்தில் யான் கண்ட சிலவற்றைக் கூற விழைகின்றேன்.

மாணாக்கரை அறிதல்

நன்னூலார் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி எனப் பகுத்தமை யாவரும் அறிந்ததே. அப்பகுப்பு இலக்கணம் கற்க வந்தோரை நோக்கியது. ஐந்து வயதுக் குழந்தையை நோக்கியதன்று. இவ்வேறுபாட்டை உணராது யான் ஒரு பிழை செய்தேன். பயிற்சி முடித்து முதன்முதல் ஏற்ற வகுப்பில், பின்வாங்கில் இருந்த சிறுவன் ஒருவன் கரும்பலகையில் எழுதியதை ஒருநாளும் சரியாகப் பார்த்தெழுதியதில்லை. அவனை இல்லிக்குடம் என மனத்துள் முடிவு செய்தேன். சிலவேளை வாய்விட்டும் சொன்னேன். சில மாதங்கள் சென்றபின், ஒருநாள் கரும்பலகையைத் துடைக்க அவனை அழைத்தேன். அருகே வந்து நின்றவன், துடைக்குமுன் அங்கிருந்த வரி முழுவதையும் தானாகவே வாசித்தான். குறை அவன் அறிவில் அன்று, கண்ணில் இருந்தது.

அன்றுதொட்டு, புதிய வகுப்பின் முதல் வாரத்தில் யான் பாடம் தொடங்குவதில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் பின்னிருந்து மெல்லிய குரலில் பெயர் சொல்லி அழைப்பேன். தூரத்திலிருந்து ஒரு படத்தைக் காட்டிக் கேட்பேன். கண்ணைச் சுருக்குபவனையும், தலையைச் சாய்த்துக் கேட்பவனையும், அயலவன் எழுதியதையே நோக்குபவனையும் முன்வாங்கில் இருத்திப் பெற்றோர்க்கும் அறிவிப்பேன். இதற்குச் செலவு எதுவுமில்லை.

எழுத்து

தமிழ் நெடுங்கணக்கின் முறை நினைவில் நிறுத்துதற்குச் சிறந்தது. எழுதப் பழகுதற்கு அம்முறையே எளிதென்று கொள்ள வேண்டியதில்லை. அகரம் சுழியும் வளைவும் கோடும் உடையது. பிஞ்சு விரலுக்கு அரியது. ட, ப என்பன நேர்கோடுகளால் அமைவன. ம ஒரு வளைவு கூடியது. இம்மூன்றையும் புள்ளியையும் அறிந்த பிள்ளை படம், பட்டம், மட்டம் எனச் சொற்களை உடனே வாசிக்கும். தான் வாசிக்க வல்லேன் என்னும் மகிழ்ச்சியை முதல் வாரத்திலேயே அளித்தல் வேண்டும். நெடுங்கணக்கைப் பாட்டாக ஓதுவதும் உடன் நடைபெறலாம். எழுத்தைக் கொப்பியில் எழுதுமுன் மணலில் விரலால் எழுதச் செய்க. மணலிற் பிழை கையால் தடவ மறையும். பிள்ளைக்கு அச்சம் உண்டாகாது.

ஒலி வேறுபாட்டில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஓர் இயற்கைச் செல்வம் உண்டு. பத்து, பற்று, பட்டு என்னும் மூன்றையும் நம்மவர் நாவு பேச்சிலேயே பிரித்து ஒலிக்கும். ஆசிரியர் இச்சொற்களைச் சொல்லி, நா எங்கே தொடுகின்றது என வினவுக. பிள்ளை தானே கண்டு கூறும். ழகரமோ நமது பேச்சில் பெரும்பாலும் ளகரமாய் மயங்குவதால், அதற்கு நாள்தோறும் சிறிது பயிற்சி வேண்டும்.

எண்

எண்ணைக் கண்ணும் கையும் அறிந்த பின்னரே கரும்பலகை அறிதல் வேண்டும். ஈர்க்குகளை ஒரே அளவாக நறுக்கிப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்துக்கொள்க. 42 இலிருந்து 17 கழிக்க வேண்டுமாயின், நான்கு கட்டுகளையும் இரண்டு தனி ஈர்க்குகளையும் பிள்ளையிடம் கொடுத்து, ஏழு ஈர்க்குத் தருக என்க. இரண்டே உள்ளன எனக் கண்டு, அது ஒரு கட்டை அவிழ்க்கும். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, எஞ்சிய மூன்று கட்டில் ஒன்று போக இரண்டு, விடை 25. 'கடன் வாங்குதல்' என்று நாம் கூறும் மந்திரத்தின் பொருள் அப்போதே விளங்கும்.

பிள்ளையே ஆசிரியர்

ஆசான் உரைப்பதைச் செவ்வனே கொண்டாலும் மாணாக்கன் பெறுவது கால்பங்கே என்றும், உடன் பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு கால் வருமென்றும், எஞ்சிய பாதி பிறர்க்கு உரைத்தலால் நிறைவுறுமென்றும் நன்னூல் கூறும். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்த காரணமும் இதுவே. 1789 இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறார் பாடசாலையின் பொறுப்பை ஏற்ற அந்திரூ பெல், நாட்டுச் சிறார் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பாடசாலையிலும் அதனைக் கைக்கொண்டார். முன்னேறிய சிறுவரைக் கொண்டே ஏனையோர்க்கும் கற்பித்தார். 1797 இல் அவர் அதனை நூலாக வெளியிட, அது 'சென்னை முறை' என்னும் பெயரால் இங்கிலாந்திற் பரவிற்று. இன்றைய ஆசிரியர் செய்ய வேண்டியது எளிது: பாட முடிவிற் பத்து நிமிடம், இருவர் இருவராக அமர்த்தி, ஒருவர் மற்றவர்க்குச் சொல்லச் செய்க. சொல்பவர் நாள்தோறும் மாறுதல் வேண்டும். ஒருவனே நிலையான சட்டாம்பிள்ளையானால் ஏனையோர் நாணிக் குன்றுவர்.

வினாவும் திருத்தமும்

வினாவை முதலிற் கூறுக, சற்றுப் பொறுத்திருக்க, பின்னரே ஒருவர் பெயரைச் சொல்லுக. பெயரை முன்னே அழைத்துவிட்டால் ஏனையோர் சிந்தியாது விடுவர். பிழையான விடை வந்தால், "எப்படிக் கண்டாய்?" என்று கேட்க. பிழைக்கும் ஒரு வழி உண்டு. அவ்வழியை அறிந்தாலன்றித் திருத்துதல் இயலாது. கோல் அவ்வழியைக் காட்டாது. 2005 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையால் கல்வி அமைச்சு உடற்றண்டனையை விலக்கியது நன்றே. எனினும், கோலினும் கொடியது பட்டப்பெயர். அதனை விலக்க ஆசிரியர் மனமே சுற்றறிக்கை.

யான் மேலே குறித்த சிறுவன் முன்வாங்கிற்கு வந்தபின் வாசிக்கக் கற்றான். ஆயினும், கேளாதவழித் தானாகக் கையுயர்த்தி விடை கூறியதை அவ்வாண்டு முழுவதும் யான் கண்டிலேன். எழுத்தை அவனுக்குக் கொடுத்தேன். யான் பறித்த துணிவைத் திருப்பிக் கொடுக்க இயலவில்லை. அரிவரி வகுப்பிற் புகும் இளைய ஆசிரியர் மாணாக்கருக்குப் பெயரிடுமுன் ஒருமுறை அவர்கள் அருகே சென்று அமர்வாராயின், இக்கட்டுரை எழுதிய பயன் எனக்குக் கிட்டியதாகும்.