மேலிருந்த எண் கீழே இறங்கினால்

கைப்பேசியில் கணக்கெழுதி அனுப்புகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது அடுக்கெண்ணைத்தான். ஏனெனில், 10⁶ என்று அச்சாகியிருப்பதைப் பிரதியெடுத்து ஒட்டும்போது, மேலே நின்ற 6 கீழே இறங்கி, பத்து லட்சம் வெறும் 106 ஆகிவிடுவது சர்வ சாதாரணம். அவ்விடங்களில் 10^6 என்று கூரைக்குறியிட்டு எழுதுவதே உசிதம். ஆனால் அக்குறியிலும் ஒரு சூட்சுமம் உண்டு: -3^2 என்பதற்குக் கணித சம்பிரதாயம் -9 என்று விடை சொல்ல, அதனையே எக்செல் கட்டத்தில் இட்டால் 9 என்று வரும், ஆகையால் (-3)^2 என்றோ -(3^2) என்றோ ஸ்பஷ்டமாக எழுதிவிடுங்கள்.

12/2+4 என்று எழுதியவர் மனத்தில் விடை 2 ஆக இருக்க, படிப்பவர் நியமப்படி முதலில் வகுத்து 10 என்பார். 12/(2+4) என்று அடைப்புக்குறி இடுவதில் லோபம் எதற்கு? 6÷2(1+2) என்னும் பிரசித்தமான புதிருக்கு விடை 9 என்றும் 1 என்றும் இராப்பகலாய் வாதிடுவோர், எழுதியவருடைய அலட்சியத்துக்காகவே தமக்குள் மல்லுக்கு நிற்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பெருக்கலுக்கு நட்சத்திரக்குறி வேண்டாம். வாட்ஸ்அப்பில் இரு நட்சத்திரங்களுக்கு நடுவே அகப்பட்டது தடித்த எழுத்தாகி, குறிகள் மறைந்துபோகக்கூடும். பல விசைப்பலகைகளின் குறிகள் பக்கத்திலேயே × இருக்கிறது.

ஜெர்மனியிலிருந்து ஒருவர் 1,500 கிலோ என்று எழுதினால், அங்கே காற்புள்ளியே தசமப் புள்ளியாதலால், அது ஒன்றரைக் கிலோவாகவும் இருக்கலாம். எழுத்தாலும் எழுதும்படி கேட்டுவிடுங்கள்.