டைனோசர் நகம்: விற்பவருக்கு அது சொந்தமா?

கேள்வி: கல்லாகிப்போன பழைய உயிர்களின் எச்சங்களைச் சேகரித்துவருகிறேன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கிடைத்ததாக, ஊன் உண்ணும் டைனோசரின் நகம் ஒன்றைக் காட்டி ஒருவர் விலை பேசுகிறார். மொராக்கோ நாட்டு நகமும் ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கி வைத்தால் புலி நகம் போல வழக்கு வருமா?
வாசகர், பொள்ளாச்சி

பதில்: புலி நகத்துக்கு வழக்கு வருவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால். அதன் அட்டவணையில் புலி இருக்கிறது, டைனோசர் இல்லை. புதைபடிவங்களுக்கென்று நம் நாட்டில் தனிச்சட்டமும் இல்லை. மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்ட புவிமரபுச் சின்னங்கள் மசோதா வரைவாகவே நிற்கிறது. எனவே, கையில் வைத்திருப்பதே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தடை இல்லை என்பதும் உரிமை உண்டு என்பதும் ஒன்றல்ல. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, விற்பவருக்கு இல்லாத உரிமை, சில விதிவிலக்குகள் தவிர, வாங்குபவருக்கும் வராது. ஆகவே குற்றமா என்று கேட்பதற்கு முன், இந்த நகம் அவருக்கு எப்படிச் சொந்தமானது என்று கேளுங்கள்.

அரியலூர் நகம் இந்தக் கேள்வியில்தான் அடிபடுகிறது. சுரங்கக் குத்தகை எடுத்தவருக்குக் கிடைப்பது சுண்ணாம்புக்கல் வெட்டும் உரிமை. அங்கே வேலை பார்ப்பவருக்கோ இடைத்தரகருக்கோ அதுகூடக் கிடையாது. அனுமதியின்றி எடுத்து வந்திருந்தால் அது திருட்டுப் பொருள். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் நேர்மையற்ற முறையில் வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. எங்கிருந்து வந்தது என்று விற்பவரே உங்களிடம் சொல்லிவிட்ட பிறகு, எனக்கு ஒன்றும் தெரியாது என்ற வாதம் வலுவாக நிற்காது. இதோடு 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் இருக்கிறது. மண்ணில் மறைந்திருக்கும் மதிப்புள்ள எதுவும் அதில் புதையல்தான். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஓராண்டு வரை சிறை. தங்கக் காசுப் பானைகளை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது, தானாகப் புதைந்த விலங்கை ‘மறைத்த’ பொருள் என்பதா என்று வாதாட இடமுண்டு. உங்கள் செலவில் அந்த வாதத்தை நடத்திப் பார்க்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

காங்கயம், கரூர்ப் பக்கம் தோட்டத்தில் கிடைக்கும் மணிக்கற்களைப் பார்த்துப் பழகியவர்கள், பட்டா நிலத்தில் கிடைத்தது பட்டாக்காரருக்குத்தானே என்பார்கள். அடிமண் உரிமை பொதுவாக நில உரிமையோடு சேர்ந்தது என்று 2013இல் திரேசியம்மா ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அது கேரள மலபார் நிலங்களின் கனிமத்தைப் பற்றிய தீர்ப்பு. அதை அப்படியே நகத்துக்கு நீட்டினாலும் பயன் பெறுபவர் நில உரிமையாளர்தான், உங்களிடம் விலை பேசும் தரகர் அல்ல. இன்னொன்று: கோவையிலோ ஈரோட்டிலோ கிணறு வெட்டியபோது டைனோசர் நகம் கிடைத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் காலடியில் இருப்பது டைனோசர்களுக்கு வெகுகாலம் முந்தைய, 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட உருமாறிய பாறை.

அரசிடம் கொடுத்தால் பாழாகிவிடும் என்ற எதிர்வாதம் வலுவானது. அரியலூரின் கல்லமேட்டில் எடுத்து 1980களில் ‘புருஹத்காயோசாரஸ்’ என்று பெயரிட்ட எலும்புகளே அதற்குச் சாட்சி. முதலில் அதை ஊன் உண்ணி என்றார்கள், பிறகு நெடுங்கழுத்துத் தாவர உண்ணி என்றார்கள். எலும்புகள் மழை ஈரத்தில் பொடிந்துபோனதால் இனி நேரில் சோதித்துப் பார்க்க வழியில்லை. இருந்தாலும், காக்கத் தவறியவரின் பொருள் எடுத்துக்கொண்டவருக்குச் சொந்தமாகிவிடாது. அதே கல்லமேட்டில் கிடைத்த ஒற்றைப் பல்லை வைத்துத்தான், ‘ட்ரூடோன்டிட்’ என்ற சிறிய ஊன் உண்ணி வகை இந்தியாவிலும் இருந்தது என்று 2013இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். எந்த இடம், எந்தப் படுகை என்ற பதிவு அந்தப் பல்லோடு இருந்ததால்தான் அது சாட்சியம் ஆனது. தரகர் கைமாறும் நகத்தில் முதலில் தொலைவது அந்தப் பதிவே.

வெளிநாட்டு நகத்துக்கும் இதே கேள்விதான். மங்கோலியாவிலிருந்து கடத்தி வந்த ‘டார்போசாரஸ்’ எலும்புக்கூடு 2012இல் அமெரிக்காவில் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. மங்கோலிய அரசு எதிர்த்ததும் அது பறிமுதலாகி, 2013இல் அந்த நாட்டுக்கே திரும்பியது. நடிகர் நிக்கோலஸ் கேஜ் 2007இல் 2,76,000 டாலருக்கு வாங்கிய அதே இன டைனோசரின் மண்டையோட்டையும் 2015இல் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் மீது குற்றச்சாட்டு ஏதும் இல்லை, பொருள் மட்டும் போயிற்று. மொராக்கோ நகம் என்றால் அந்நாட்டு ஏற்றுமதி அனுமதியையும் கிடைத்த இடம் எழுதிய ரசீதையும் கேளுங்கள். சுங்கத்தில் இதற்கு 9705 என்ற தலைப்பே இருக்கிறது. ‘அலங்காரக் கல்’ என்று எழுதி வரவழைத்தால் சுங்கச் சட்டம் 111, 112 பிரிவுகளில் பறிமுதலும் அபராதமும் வரலாம். உடைந்த துண்டுகளைப் பிசினால் ஒட்டி முழு நகமாக விற்பதும் அந்தச் சந்தையில் சகஜம். ஏமாந்தால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், ஆனால் கடல் கடந்த விற்பனையாளரிடமிருந்து பணத்தை வசூலிப்பது வேறு கதை.

அரியலூர் நகத்துக்கு முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள். வைத்திருப்பவர், எடுத்த இடத்தைக் குறிப்பிட்டு அரியலூர் கலெக்டருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சென்னை அலுவலகத்துக்கும் நகல் அனுப்பட்டும். அதற்கு அவர் மறுத்தால் வாங்காதீர்கள்.