இறந்தார் சொத்தும் முறையீட்டுச் செலவும்

திண்டிவனத்து முன்சீபு நீதிமன்றத்தில் தந்தையின் காணிக்காக வழக்கிட்டுத் தோற்றவன், மேன்மேலும் முறையிட்டுச் சென்னை வரை செல்லலாம். அதன் விலை யாது? சிவகங்கை ஜமீன் வழக்கை நோக்குக.

1801இல் கும்பினியாரிடம் ஜமீனைப் பெற்ற கௌரி வல்லபத் தேவர், 1829இல் ஆண்மகவின்றி இறந்தார். குடும்பம் பிரியாததெனக் கூறித் தமையன் மகன் அதனைக் கைக்கொண்டார். மனைவியருள் அங்கமுத்து நாச்சியார் வழக்காடி, முடிவு காணாமலே மறைந்தார். அதுவே என் நெஞ்சை வருத்துவது. மகள் காத்தம நாச்சியாருக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் 1863இல் தீர்ப்பளித்தது. பிரியாத குடும்பத்தினும், ஒருவர் தாமே ஈட்டிய பொருள், மகனில்லாவிடின் மனைவிக்கும் பின்னர் மகளுக்குமே உரித்தாம் என்பது அதன் சாரம். இவ்வொரு வரி விடைக்கு முப்பத்து நான்கு ஆண்டுகள்! ஆவணங்களை ஆங்கிலமாக்கிக் கப்பலேற்றல் வேண்டும். ஈரிடத்தும் வழக்கறிஞர்க்கு ஊதியம் வேண்டும்.

இலண்டன் முறையீடு 1949இல் ஒழிந்தது. ஆயினும் 'செலவுடன் தீர்ப்பு' என மகிழ்வோர் ஒன்றறிக: தோற்றவன் தருவது விதி அளவிட்ட தொகையே, செலவழித்த அனைத்துமன்று. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், இரண்டாம் முறையீட்டை முக்கியமான சட்ட வினா இருந்தாலன்றி உயர்நீதிமன்றம் ஏலாது. உயில் மெய்யோ பொய்யோ என்பதற்குரிய சாட்சியை முதல் மன்றத்திலேயே முற்ற வைத்தல் வேண்டும்.