கித்தாருக்கும் ச-ரி-க-ம

கித்தார் பழகும் பிள்ளைகளுக்கு, சரளி வரிசை தெரிந்த பெரியவர்களே சுருதி சேர்க்கச் சொல்லித்தரலாம். சக்குபள்ளத்தில் நான் பேத்திக்குச் சொல்லித்தரும் முறை இது.

17ஆம் நூற்றாண்டு பரோக் கித்தாரில் தந்திகள் ஐந்து வரிசை, பெரும்பாலும் சோடியாக. இன்றைய கித்தாரில் தடித்த ஆறாம் தந்தியை விட்டால், அதே சுர இடைவெளிகள்.

ஐந்தாம் தந்தி 'ச' என்றால் நான்காவது சுத்த மத்யமம். நான்காவதை 'ச' ஆக்கினால் மூன்றாவதும் மத்யமம். மூன்றிலிருந்து இரண்டு மட்டும் அந்தர காந்தாரம். இரண்டிலிருந்து ஒன்று மீண்டும் மத்யமம்.

இனி கார்டு. ஐந்தாம் தந்தியில் 2ஆம் மெட்டு, கடைசி இரண்டிலும் 3ஆம் மெட்டு அழுத்தி, ஐந்தையும் மீட்டினால் ச-க-ப சேர்ந்தொலிக்கும். 1606இல் இத்தாலியர் மாண்டெசார்டோ அச்சிட்ட முறையில் இதன் பெயர் 'ஏ'. இன்று 'ஜி மேஜர்'.

பெரியவர் பாட, பிள்ளை முறுக்காணியைத் திருப்பட்டும். காதும் தேறும், சுரமும் வீட்டில் தங்கும்.